இருபத்து மூன்று இடங்களில்

வாட்ச்மேன் கேட்டைச் சாத்தும்போது ஒன்பது அடித்து ஐந்து நிமிடம். “இங்க நிக்காதீங்க சார், ஜன்னல் வழியாப் பாத்துட்டா புள்ளைங்க இன்னும் அழும், எதிர்ப்பக்கம் போயிடுங்க” என்று பெற்றோர்களையெல்லாம் கையை வீசி விரட்டினான். தணிகாசலம் புரசைவாக்கத்தின் அந்தக் குறுகலான சாலையைக் கடந்து, டீக்கடையின் தகரப் பந்தலுக்குக் கீழே பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். ஒரு டீ சொன்னான். சொன்னதும் வேண்டாம் என்று தோன்றியது, அதற்குள் கடைக்காரர் ஆற்ற ஆரம்பித்துவிட்டார். எல்.கே.ஜி.க்கு முதல் வாரம் முழுக்கப் பதினொன்றரைக்கே விட்டுவிடுவார்கள். இன்னும் இரண்டே கால் மணி, இல்லை, இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். நிவிகா அழவில்லை. மிஸ்ஸின் விரலைப் பிடித்துக்கொண்டு, புது ஷூ கடிப்பதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் அவனுக்குக் குறையில்லை. அவனை உலுக்கியது வேறு. ஆபீஸ் அறை மேஜையில், வருகைப் பதிவேடுகளுக்குப் பக்கத்தில், பழுப்புத் தாள் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஓரத்தில் இரட்டை முடிச்சு. அந்த முடிச்சு அவன் போட்டது. உள்ளே நாற்பது பிரதிகள், ‘செல்லி பள்ளிக்குப் போகிறாள்’. அதை இன்றைக்கு எல்.கே.ஜி. வகுப்புகளில் மிஸ்மார்கள் சத்தமாகப் படித்துக் காட்டப்போகிறார்கள். முதல் நாள் பயம் தெளிய ஒரு கதை படிப்பது இந்தப் பள்ளியில் வழக்கம். அந்தக் கதையில் அம்மா வருகிறாள். பக்கத்துக்குப் பக்கம் வருகிறாள். மணி அடித்ததும் கேட்டில் வந்து நிற்கிறாள். நிவிகாவிடம் வீட்டில் இருக்கிற புத்தகத்தில் வந்து நிற்பது அப்பா.

அவன் வேலை ராயப்பேட்டையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில். கம்ப்யூட்டரில் பக்கம் போடுவது, புரூஃப் எடுப்பது, ஆள் வராத நாளில் பார்சல் கட்டுவது, எல்லாம் அவன்தான். ஏப்ரல் பிறந்தால் முதலாளி நசீர் பாய் ஒரே பாட்டுத்தான் பாடுவார். “மே மாசம் பயம் விக்கும் தணிகா, சீக்கிரம் முடி.” பள்ளிக்கூடம் போகப் பயப்படுகிற குழந்தைகளுக்கென்று வருஷத்துக்கு ஒரு புத்தகமாவது வரும். ஒரு வருஷம் முயல் அழுதது, ஒரு வருஷம் அணில், போன வருஷம் ஒரு யானைக்குட்டி அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. எது அழுதாலும் பன்னிரண்டாம் பக்கத்தில் அழுகை நின்றாக வேண்டும். ஒரே தாளில் அடித்து மடிக்கிற பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், அதற்கு மேல் அழுதால் தாள் செலவு. பதின்மூன்றில் ஒரு சிநேகிதன் கிடைப்பான், பதினான்கில் பாட்டு, பதினைந்தில் மணி, பதினாறில் அம்மா. எத்தனை வருஷமாக எத்தனை அம்மாக்களைக் கொண்டுவந்து பதினாறாம் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறான், ஒன்றும் தோன்றியதில்லை. இந்த வருஷம் மனிதக் குழந்தை. செல்லி, இரட்டைச் சடை. அம்மாவுக்கு மஞ்சள் சேலை. புத்தகம் அச்சுக்குப் போன பிறகு ஒரு மத்தியானம், நசீர் பாய் தொழுகைக்குப் போயிருந்தபோது, அவன் அதே கோப்பை வேறு பெயரில் சேமித்து, அம்மா என்று வருகிற இடமெல்லாம் அப்பா என்று மாற்றச் சொன்னான். இருபத்து மூன்று இடங்களில் மாற்றியாயிற்று என்றது கம்ப்யூட்டர். ஒரே தட்டு, அவ்வளவுதான். இரண்டும் மூன்று மூன்று எழுத்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது, ஒரு வரிகூட நகரவில்லை. வருவாள் நிற்பாள் என்பதையெல்லாம் தேடித் தேடி வருவார் நிற்பார் ஆக்கினான். படத்துக்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது, மஞ்சள் சேலைக்கு மீசை வைக்க முடியுமா. சில படங்களில் அம்மாவை ஓரமாக வெட்டினான், சிலவற்றில் பக்கத்து மரத்தைப் பெரிதாக்கி மேலே போட்டு மூடினான். கலர் பிரிண்டரில் ஒரே ஒரு பிரதி எடுத்து, நடுவில் இரண்டு பின் அடித்தான். பத்து நாளாகச் சாயங்காலம் நிவிகாவுக்கு அதைத்தான் படித்துக் காட்டினான். “படத்துல அப்பா எங்கப்பா?” என்று கேட்டாள். மரத்துக்குப் பின்னாடி நிக்கறார் என்றான். நம்பினாள்.

டீ ஆடை கட்டிவிட்டது. மனைவி சுகந்தி போய் எட்டு மாதம். போய் என்றால், அவள் போனாள், அவன் போகச் சொன்னான், இரண்டும்தான். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று கேட்டாள். பாப்பாவை யார் பார்ப்பது என்றான். அவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பதுகூட இப்போது ஞாபகமில்லை, அவ்வளவு பெரிதாக ஒன்றுமிருக்காது. அவன் கையை ஓங்கினான். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு தானாகவே நின்று, வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். கை ஓங்கியது, அதோடு சரி. அப்புறம் அவள் பையை எடுத்தது, “போறதுன்னா போ, புள்ளய விட்டுட்டுப் போ” என்று அவன் வாசலை மறித்தது, அவள் அண்ணன் வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது. இப்போது பாப்பாவை மாடி வீட்டிலிருக்கும் அவன் அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். அந்த யோசனை அன்றைக்கு வீட்டில் ஒருத்தருக்கும் வரவில்லை பாருங்கள். சுகந்தி இப்போது குரோம்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அதே மாதிரி ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். அம்மா ட்ரெயினிங் போயிருக்காங்க என்று பாப்பாவிடம் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் வரும். தூங்குறா என்பான். காலை பத்து மணிக்கும் தூங்குறா, சாயங்காலம் ஐந்துக்கும் தூங்குறா. சரிங்க என்று வைத்துவிடுவாள். கோர்ட்டு கேஸ் என்று போகிறவள் இல்லை, அது தெரிந்துதான் அவனுக்கு இந்தத் துணிச்சல். போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டாள். “ஸ்கூல் என்னைக்குத் தொறக்குதுங்க? மொத நாள் மட்டும் நான் வந்து பாத்துட்டுப் போறேனே. தூரமா நின்னுக்கறேன், கிட்ட வரமாட்டேன்.” அவன் கொஞ்சமும் யோசிக்காமல் வியாழக்கிழமை என்றான். வாய் தானாகச் சொன்னது. “அப்ப வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிடறேன், தேங்க்ஸ்ங்க” என்றாள். இன்றைக்குத் திங்கட்கிழமை.

பள்ளிக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தவனும் அவனேதான், இதை யாரிடம் போய்ச் சொல்வது. ஏப்ரலில் அட்மிஷனுக்கு வந்தபோது பிரின்சிபால் அம்மா “எங்க வேலை பாக்கறீங்க?” என்று கேட்க, பதிப்பகம் என்று பெருமையாகச் சொன்னான். மொத நாள் படிக்க நல்ல கதை ஏதாவது இருக்கிறதா என்றார். இருக்கு மேடம், புதுசு என்றான். போன மாதம் நாற்பது பிரதிகளை எண்ணி அடுக்கி அவனே கட்டி அனுப்பினான். கட்டி அனுப்பியவன் பதிப்பகத்துத் தணிகாசலம். அம்மாவை மரம் போட்டு மூடியவன் பாப்பாவின் அப்பா. ஒரே நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பேச்சும் நடக்கவில்லை. இரண்டு புத்தகமும் ஒரே குழந்தையின் காதில் போய் மோதும் என்று இன்று காலை எட்டே முக்காலுக்கு அந்த முடிச்சைப் பார்க்கிற வரை தோன்றவே இல்லை. இப்படியும் ஒருவன் இருப்பானா என்று தன்னையே பார்த்து அலுத்துக்கொண்டான். உள்ளே போய் மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம். டீக்கு உண்டானதை வைத்துவிட்டு எழுந்து போனான். “வாட்ச்மேன், ஒரு நிமிஷம், மிஸ்கிட்ட ஒண்ணு சொல்லணும்.” “என்ன சொல்லணும் சொல்லுங்க, நான் போயி சொல்றேன்.” என்ன சொல்வது. மணி அடித்தால் அம்மா வருவாள் என்று படிக்காதீர்கள், எங்கள் வீட்டில் வரமாட்டாள் என்றா? ஏன் சார் வரமாட்டாங்க என்று கேட்பான். அட்மிஷன் படிவத்தில் தாய் பெயர் என்ற இடத்தில் சுகந்தி என்று எழுதி, கையெழுத்தையும் அவனே போட்டிருந்தான். “ஒண்ணுமில்ல, வாட்டர் பாட்டில் குடுத்தேனான்னு பாக்கணும்” என்றான். “தோள்ல மாட்டிட்டுத்தான் போச்சு சார், போங்க” என்றான் வாட்ச்மேன். திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தான்.

மதிலுக்கு மேலாக அழுகை வந்துகொண்டே இருந்தது. நாற்பது குழந்தைகள் சேர்ந்து அழுதால் அதில் எந்தக் குழந்தையும் தனியாக இல்லை. பஜ்ஜி போடுகிற எண்ணெய்ச் சத்தம், பஸ் ஹாரன், இடையில் இது. காதைக் கூர்மையாக்கி நிவிகாவின் குரலைத் தேடினான். அவள் அழும்போது முதலில் ஒரு விக்கல் வரும், அப்புறம்தான் சத்தம். விக்கல் கேட்கவில்லை. நல்லதுதானே. நல்லதா? பக்கத்தில் நின்ற சிவப்புச் சுடிதார்ப் பெண் முந்தானை இல்லாததால் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என் பையன் கத்தறது நல்லாத் தெரியுதுண்ணா, அந்தக் கரகரப்புக் குரல் அவன்தான்” என்றாள், பாதி அழுகையும் பாதிப் பெருமையுமாக. “உங்க வீட்ல வரலியாண்ணா?” “வேலைக்குப் போயிருக்காங்க” என்றான். அது பொய்யில்லை. இந்த எட்டு மாதத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான், அதுவும் யாரோ ஒரு பெண்ணிடம். வெயில் தகரத்தில் ஏறி முதுகில் இறங்கியது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அழுகை சட்டென்று அடங்கியது. அவனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. கதை ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்றாம் பக்கம், செல்லி எழுந்திருக்கவில்லை, போர்வைக்குள் இருக்கிறாள், அம்மா போர்வையைத் தூக்கிப் பார்க்கிறாள். மூன்றில் அம்மா தலை பின்னுகிறாள். இந்த இடத்தில் பாப்பா தன் தலையைத் தொட்டுப் பார்ப்பாள், அவளுக்குப் பின்னுவது அத்தை, அத்தை இறுக்கிப் பின்னுவாள். ஐந்தில் அம்மா டிபன் பாக்ஸ் மூடுகிறாள். எல்லாவற்றையும் பின்பாட்டு மாதிரி மனசு சொல்லிக்கொண்டே போயிற்று, எழுத்தின் அளவுகூட ஞாபகம் வந்தது, இருபத்து நாலு பாயின்ட். மிஸ்ஸின் கையிலிருக்கிற பிரதியில் மரம் சின்னதாகத்தான் இருக்கும். மரத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் சேலை பளிச்சென்று நிற்கும். பத்து நாளாக அப்பா நிற்பதாக அவள் நம்பிய இடத்தில் ஒரு பொம்பளை நிற்பதைப் பார்க்கப்போகிறாள். முதலில் குழம்புவாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு அது பிடித்துப்போகும், அதுதான் அவன் பயம். பதினொன்றரைக்கு மணி அடித்ததும் ஓடி வருவாள். கேட்டில் இத்தனை அம்மாக்களுக்கு நடுவில் தன் அம்மாவைத் தேடுவாள். அவன் நிற்பான். அவனைத் தாண்டிப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. தாங்க முடியாது என்பது அவளுக்காகவா, தனக்காகவா? உள்ளே இருந்து திடீரென்று ஓவென்று ஒரே சமயத்தில் அழுகை கிளம்பியது, முன்னைவிடப் பெரிதாக. பதினாறாம் பக்கம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

போனை எடுத்தான். மணி பத்தே கால். குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு நடை பத்து நிமிடம், ரயிலுக்குக் காத்திருக்கப் பத்து, எழும்பூர் வர முப்பத்தைந்து, அங்கிருந்து ஆட்டோ கால் மணி. கூட்டினால் ஒரு மணி பத்து நிமிடம். இப்போது கூப்பிட்டால் மணி அடிக்கும்போது அவள் கேட்டில் நிற்கலாம். வியாழக்கிழமை என்றேன், தப்பு, இன்னைக்குத்தான், உடனே கிளம்பு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவள் ஏன் என்று கேட்கமாட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வருவாள். அவளைத் தெரியும் அவனுக்கு. வந்தால் பாப்பாவைத் தூக்குவாள். தூக்கினால் இறக்கமாட்டாள். பாப்பா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இவனைப் பார்ப்பாள். எல்லாரும் பார்ப்பார்கள். அப்புறம் சாயங்காலம் வீட்டுக்கு யார் யாரோடு போவது? அக்கா என்ன சொல்வாள், “நீயா கூப்ட்டே?” என்பாள். அன்றைக்குக் கை ஓங்கியதோடு விட்டிருக்கலாம். ஓங்கியது. ஓங்கியதா? பாப்பா தட்டில் தோசையை வைத்துக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. எட்டு மாதமாக மனசில் அப்படித்தான் வைத்திருக்கிறான். ஆனால் டி.வி. அன்றைக்கு ஓடவில்லை, கரண்ட் இல்லை, அதனால்தான் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, அதனால்தான் அந்தச் சத்தம் அப்படிக் கேட்டது. அடித்தான். கன்னத்தில், உள்ளங்கையால், அவள் காதுத் தோடு கழன்று விழுகிற அளவுக்கு அடித்தான். தோசையைப் பிட்டுக்கொண்டிருந்த குழந்தை நிமிர்ந்து பார்த்தது. அழவில்லை. குனிந்து மறுபடியும் தோசையைப் பிட்டது. அடித்தேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். பந்தலில் யாரும் திரும்பவில்லை.

பத்து இருபது. பத்து இருபத்தைந்து. பெஞ்சில் உட்கார்ந்தபடியே, நேரம் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தாண்டியது. பத்து முப்பத்தைந்துக்கு, இனிமேல் கூப்பிட்டாலும் அவளால் வந்து சேர முடியாது என்று ஆனதும், உடம்பு லேசாயிற்று. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, ஒன்றரை மணி நேரமாக அவன் யோசிக்கவில்லை, நேரம் போவதற்காக உட்கார்ந்திருந்தான். இந்த நிம்மதியைப் போல அசிங்கம் வேறு எதையும் அவன் தன்னிடம் பார்த்ததில்லை. அந்த வேகத்தில் அவள் பெயரை அழுத்திவிட்டான். ஒரு முறை ஒலித்ததும் வெட்டினான். அரை நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்கும் சத்தம்.

“என்னங்க, கூப்ட்டீங்களா? பாப்பா நல்லா இருக்காளா?”

“ம். கை பட்டுடுச்சு.”

“ஓ.” இருமல் மருந்துக்காரரிடம் ஏதோ விலை சொன்னாள். “பின்னாடி ஏதோ கொழந்தைங்க சத்தம் கேக்குதே.”

“ரோட்ல இருக்கேன்.”

“சரி சரி. வியாழக்கிழமை எத்தன மணிக்கு வரணும்னு சொல்லவே இல்லியே நீங்க. பாப்பாவுக்கு ஒரு பென்சில் பாக்ஸ் வாங்கி வச்சிருக்கேன். நீங்களே குடுத்தாலும் சரிதான்.”

“அப்புறம் சொல்றேன்” என்று வைத்தான். இன்றைக்குத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தது உண்மை. சொல்லி என்ன ஆகப்போகிறது, இனி வந்தும் பிரயோசனமில்லையே என்று வாய் மூடிக்கொண்டதும் உண்மை. சிவப்புச் சுடிதார்ப் பெண் அவனுக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னாள், “சாப்புடுங்கண்ணா, மொகமே சரியில்ல, எல்லாக் கொழந்தையும் ரெண்டு நாள்ல பழகிடும்” என்றாள். குடித்தான். சர்க்கரை அதிகம். பாப்பா கேட்கப்போகிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயார் செய்ய ஆரம்பித்தான். அம்மா எங்கப்பா? ட்ரெயினிங். எப்ப வரும்? சீக்கிரம். மிஸ் வரும்னு சொன்னாங்களே? அது செல்லியோட அம்மா. அழுதால் ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமுக்கும் அடங்காவிட்டால் நேரே கடற்கரை. எட்டு மாதத்தில் பொய்க்குப் பஞ்சமே வந்ததில்லை அவனுக்கு.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. கேட்டைத் திறந்தார்கள். அம்மாக்கள் அலைமோதிக்கொண்டு போனார்கள், அவன் பின்னால் நின்றான். மூக்கும் கண்ணும் ஒழுகிய குழந்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நிவிகா கடைசியில், மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, கலையாத தலையோடு வந்தாள். மிஸ் சின்னப் பெண், கல்லூரி முடித்த கையோடு வந்தவளாக இருக்கும், களைத்துப்போயிருந்தாள். ஆனால் அவனைப் பார்த்ததும் சிரித்தாள். “நிவிகா அப்பாவா? உங்க பொண்ணு தங்கம் சார். கிளாஸ்ல அழாத ஒரே கொழந்த இவதான். கத படிச்சேன், அம்மா வருவாங்கன்னு முடிச்சதும் எல்லாம் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. இவ எழுந்து வந்து, மிஸ் தப்பாப் படிக்கிறீங்க, அப்பான்னு படிங்கன்னா. அதோட விட்டாளா, பக்கத்துல ஒரு பையன் ரொம்பக் கத்திட்டு இருந்தான், அவன் கன்னத்தத் தொடச்சுவிட்டு, அழாத, அம்மால்லாம் வராதுன்னு சமாதானம் பண்றா. எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு சார்.” அவனும் சிரிக்கப் பார்த்தான். தயார் செய்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. அவள் தேடவில்லை. யாரையும் தாண்டிப் பார்க்கவில்லை. நேரே வந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள், அவன் ஆசைப்பட்ட மாதிரியே.

வண்டியருகே போனதும் அவள் நின்றாள். சாலையின் ஓரத்தில் சிவப்புச் சுடிதார்ப் பெண் அந்தக் கரகரப்புக் குரல் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிவிகா அதையே பார்த்தாள். அவள் முகத்தில் ஏக்கம் ஒன்றுமில்லை. கணக்கு எங்கோ இடிக்கிறதே என்று பார்க்கிற முகம்.

“அந்தப் பையனுக்கு அம்மா வந்திருச்சுப்பா.”

“ம்.”

“எப்டி வந்துச்சு?”

“கூப்ட்டிருப்பாங்க பாப்பா. கூப்ட்டா வரும்.”

“யாரு கூப்ட்டா?”

“அவங்க அப்பா.”

சரி என்று தலையாட்டினாள். வண்டியில் ஏறி முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கண்ணாடிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டாள். “போலாம்பா” என்றாள். நீ ஏன் கூப்பிடவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாள் என்று அவன் வண்டியைக் கிளப்பாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.